டு-லெட் போர்டு மாட்டும் முன்: முதன்முதலாக வீட்டை வாடகைக்கு விடுபவர்கள் கேட்கும் கேள்விகள்

குரோம்பேட்டையில் எங்கள் வீட்டு மாடியில் ஒரு போர்ஷன் கட்டி முடித்த சமயம். தெருமுனை மளிகைக் கடைக்காரர், "சார், ஒரு நல்ல குடும்பம் வீடு தேடுது" என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் பால் காய்ச்சிவிட்டார்கள். ஒப்பந்தம் கிடையாது, ரசீது கிடையாது, மீட்டர் ரீடிங்கைக் கூட நான் குறித்து வைக்கவில்லை. அவர்கள் உண்மையிலேயே நல்ல குடும்பம்தான். ஆனாலும் காலி செய்த அன்று இரு தரப்பும் முகம் சுளித்துத்தான் பிரிந்தோம். அதற்குப் பிறகு நான்கு குடித்தனங்கள் வந்து போயிருக்கின்றன. புதிதாக வீடு விடும் உறவினர்களும் நண்பர்களும் என்னிடம் கேட்கிற கேள்விகளையும், நான் சொல்கிற பதில்களையும் இங்கே எழுதுகிறேன். எல்லாம் தமிழ்நாட்டுக்கு, அதிலும் சென்னைக்கும் அதன் புறநகருக்கும் பொருந்துபவை.

வீடு காலியாக இருக்கிறது. எதில் ஆரம்பிப்பது?

அந்த வீட்டில் இரண்டு நாள் தங்கிப் பாருங்கள். சிரிக்காதீர்கள். பாத்ரூமில் குளியுங்கள், சமையலறைத் தொட்டியில் பாத்திரம் கழுவுங்கள், இரவு எல்லா மின்விசிறிகளையும் போட்டுவிட்டுத் தூங்குங்கள். எந்தக் குழாய் ஒழுகுகிறது, எந்தத் தாழ்ப்பாள் விழவில்லை, கழிவுநீர் எங்கே தேங்குகிறது என்பதெல்லாம் தெரிந்துவிடும். குடி வருபவர் முதல் வாரத்திலேயே போன் செய்யப் போகிற விஷயங்கள் இவைதான். முன்கூட்டியே சரி செய்துவிட்டால் அந்த உறவு புகாரில் ஆரம்பிக்காது.

அப்புறம் ஒவ்வோர் அறையையும் வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சுவர், தரை, கதவு, சுவிட்ச் போர்டு, குழாய், மின்விசிறி எல்லாம் அதில் தெரிய வேண்டும். மின் மீட்டர் ரீடிங்கைப் படம் எடுங்கள். குடி வரும் நாளில் அந்த வீடியோவை அவருக்கும் வாட்ஸாப்பில் அனுப்பிவிடுங்கள். "இந்த விரிசல் முன்னாடியே இருந்தது" என்ற வாக்குவாதத்துக்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது.

வாடகை எவ்வளவு சொல்வது?

அதே தெருவில், அதே அளவு வீட்டுக்கு இப்போது என்ன கொடுக்கிறார்கள் என்று நான்கு பேரிடம் கேளுங்கள். வீடு தேடும் இணையதளங்களில் இருப்பது வீட்டுக்காரர்கள் கேட்கிற தொகை. கையில் வருவது பெரும்பாலும் அதைவிடக் கொஞ்சம் குறைவாகவே இருக்கும்.

புதிதாக விடுபவர்கள் செய்கிற தவறு, வீட்டுக் கடனுக்கான மாதத் தவணையை மனதில் வைத்து வாடகையை முடிவு செய்வது. உங்கள் தவணைக்கும் சந்தைக்கும் சம்பந்தமில்லை. இரண்டாயிரம் ரூபாய் கூடுதலாகக் கேட்டு வீட்டை மூன்று மாதம் பூட்டி வைத்தால் என்ன நஷ்டம் என்று கணக்குப் போடுங்கள். 20,000 ரூபாய் வாடகை வீடு மூன்று மாதம் காலியாகக் கிடந்தால் 60,000 போயிற்று. அந்தக் கூடுதல் இரண்டாயிரம் அதை ஈடுகட்ட முப்பது மாதம் ஆகும்.

எந்த மாதத்தில் விடுவது நல்லது?

ஆடியிலும் மார்கழியிலும் பால் காய்ச்ச ஆள் கிடைப்பது அரிது. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் ஏப்ரல், மே மாதங்களில் தேடுவார்கள். வீடு ஆனி கடைசியில் காலியாகிறது என்றால், ஆவணி வரை ஆள் வராது என்று நினைத்து பெயிண்ட் வேலையை அந்த இடைவெளியில் வைத்துக்கொள்ளுங்கள்.

புரோக்கர் தேவையா?

நீங்கள் அதே தெருவில் இருந்தால் தேவையில்லை. கேட்டில் ஒரு போர்டு, மளிகைக் கடை, இஸ்திரி போடுபவர், அபார்ட்மென்ட் வாட்ஸாப் குழு, இவை போதும். வெளியூரில் இருந்தால் புரோக்கர் உதவியாக இருப்பார். ஒரு மாத வாடகை கமிஷன் என்பது வழக்கம். யார் தருவது, நீங்களா, குடி வருபவரா, இருவருமா என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள்.

இணையத்தில் விளம்பரம் கொடுத்தால் ஒரு எச்சரிக்கை. "ராணுவத்தில் இருக்கிறேன், சென்னைக்கு மாற்றல், வீட்டை நேரில் பார்க்க முடியாது, அட்வான்ஸை இப்போதே அனுப்புகிறேன்" என்று ஒருவர் பேசுவார். அடையாள அட்டை கூட அனுப்புவார். பிறகு ஒரு கியூஆர் கோடு வரும். அதை ஸ்கேன் செய்து பின் நம்பரைப் போட்டால் பணம் உங்களுக்கு வரும் என்பார். வராது, உங்கள் கணக்கிலிருந்து போகும். பணம் வாங்குவதற்கு யு.பி.ஐ.யில் பின் நம்பர் எப்போதும் தேவையில்லை. வீட்டைப் பார்க்காமலே அட்வான்ஸ் தரத் துடிக்கிறவரிடம் போனை வைத்துவிடுங்கள்.

யாருக்குக் கொடுப்பது? "சைவம் மட்டும்", "குடும்பத்தினர் மட்டும்" என்று போடலாமா?

போடுகிறார்கள், ஊர் முழுக்கப் போடுகிறார்கள். என் கருத்தைச் சொல்கிறேன், பிடிக்காதவர்கள் அடுத்த கேள்விக்குப் போகலாம். நானும் முதலில் அப்படித்தான் போர்டு மாட்டினேன். என் வீட்டில் வாடகையை ஒன்றாம் தேதியே அனுப்பியவர்கள், காலி செய்யும்போது தரையைத் துடைத்துவிட்டுப் போனவர்கள், இரண்டு இளைஞர்கள். ஒரு கார் கம்பெனியில் வேலை, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மீன் குழம்பு. சாதியையோ மதத்தையோ சுற்றி வளைத்து விசாரிக்கிற கேள்விகள் ("சொந்த ஊர் எது, அங்கே எந்தத் தெரு?") வாடகை ஒழுங்காக வருமா என்பதைச் சொல்லாது. ஒரு நல்ல மனிதரின் மனதைப் புண்படுத்தும், அவ்வளவுதான்.

நான் இப்போது கேட்பவை வேறு. எங்கே வேலை, எத்தனை வருடமாக? எத்தனை பேர் தங்கப் போகிறீர்கள்? வண்டி எத்தனை? இப்போது இருக்கும் வீட்டை ஏன் காலி செய்கிறீர்கள்? பழைய வீட்டுக்காரர் நம்பர் தர முடியுமா? கடைசிக் கேள்விக்கு ஒருவர் தயங்கினால் அதற்குக் காரணம் இருக்கும். நியாயமான காரணமாகவும் இருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள்.

என்ன ஆவணங்கள் வாங்க வேண்டும்? போலீஸில் சொல்ல வேண்டுமா?

ஆதார் நகல், பான் எண், வேலை செய்யும் இடத்தின் அடையாள அட்டை, சொந்த ஊர் முகவரி, அவசரத்துக்கு அழைக்க உறவினர் ஒருவரின் எண். அசல் எதையும் வாங்கி வைக்காதீர்கள், உங்கள் அசல் பத்திரத்தையும் காட்டிக்கொண்டிருக்காதீர்கள். அவர் கேட்டால் சொத்து வரி ரசீது நகலும் மின் கட்டண ரசீதும் போதும். கேட்பது தப்பில்லை. உங்கள் பெயரில்தான் வீடு இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் உரிமை அவருக்கும் உண்டு.

போலீஸ் விஷயம். 2012 பிப்ரவரியில் வேளச்சேரியில் ஒரு வாடகை வீட்டில் இருந்த, வங்கிக் கொள்ளையில் சந்தேகிக்கப்பட்ட ஐந்து பேர் போலீஸாரால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதன் பிறகு குடியிருப்பவர் விவரங்களைக் காவல் நிலையத்தில் கொடுக்க வேண்டும் என்று சென்னைக் காவல்துறை உத்தரவிட்டது. ஒரு பக்கப் படிவம், புகைப்படம், அடையாள நகல், அவ்வளவுதான். கொடுத்துவிட்டு நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். குடி வருபவரிடம் முன்பே சொல்லிவிட்டுச் செய்தால் சங்கடம் இல்லை.

ஒப்பந்தம் ஏன் எப்போதும் 11 மாதம்? அதை எழுதி நோட்டரியிடம் கையெழுத்து வாங்கினால் போதாதா?

1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை ஒப்பந்தங்களைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தாக வேண்டும். அந்தச் செலவையும் அலைச்சலையும் தவிர்க்கத்தான் 11 மாதம் என்று எழுதும் பழக்கம் வந்தது. பலரும் இங்கேயே நிறுத்திக்கொள்கிறார்கள். ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை.

தமிழ்நாட்டில் 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது நடைமுறையில் இல்லை. அதன் இடத்தில், வீட்டு உரிமையாளர் மற்றும் குடியிருப்பவரின் உரிமைகள், பொறுப்புகளை முறைப்படுத்தும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் இருக்கிறது. இதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அதை 90 நாளுக்குள், இந்தச் சட்டப்படி அரசு நியமித்திருக்கும் வாடகை அதிகாரியிடம் பதிவு செய்து எண் வாங்க வேண்டும். 11 மாத ஒப்பந்தமானாலும் இது உண்டு. இதற்கென்று அரசின் இணையதளம் இருக்கிறது. ஒப்பந்தத்தையும் இருவரின் அடையாளச் சான்றுகளையும் அதில் ஏற்றலாம்.

சார்பதிவாளர் பதிவும் வாடகை அதிகாரியிடம் செய்யும் பதிவும் வேறு வேறு. இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். நோட்டரி முத்திரை இந்த இரண்டுக்கும் மாற்று ஆகாது.

"யார் செய்கிறார்கள் இதையெல்லாம்?" என்று என் மைத்துனர் கேட்டார். சரிதான், தெருவில் பாதிப் பேர் செய்வதில்லை. பிரச்சினை வராத வரைக்கும் ஒன்றும் ஆகாது. வந்த பிறகு வக்கீலிடம் போனால் அவர் கேட்கும் முதல் காகிதம் அதுதான்.

ஒப்பந்தத்தில் எதையெல்லாம் எழுத வேண்டும்?

கடையில் கிடைக்கும் மாதிரியில் பெயர், முகவரி, வாடகை, அட்வான்ஸ், காலம் எல்லாம் இருக்கும். அதில் இல்லாதவைதான் பின்னால் சண்டையாகும். வாடகை எந்தத் தேதிக்குள், எந்தக் கணக்குக்கு. எத்தனை மாதத்துக்கு ஒருமுறை எவ்வளவு சதவீதம் ஏற்றம். காலி செய்ய இரு தரப்பும் எத்தனை மாதம் முன்னால் சொல்ல வேண்டும் (நான் இரண்டு மாதம் என்று எழுதுகிறேன்). கரண்ட், தண்ணீர், பராமரிப்புக் கட்டணம் யார் பொறுப்பு. கார் நிறுத்த இடம் உண்டா. மொட்டை மாடியில் துணி காயப்போடலாமா, வற்றல் போடலாமா. ஆணி அடிக்கலாமா, ஏ.சி.க்குச் சுவரில் துளை போடலாமா. கடைசி இரண்டும் சின்ன விஷயம் மாதிரித் தெரியும். என் அனுபவத்தில் அட்வான்ஸில் பிடித்தம் செய்வது பற்றிய தகராறில் பாதி அங்கிருந்துதான் வந்தது.

வீட்டில் நீங்கள் விட்டுவைக்கும் பொருட்களின் பட்டியலைக் கடைசிப் பக்கத்தில் சேருங்கள். மின்விசிறி நான்கு, கீசர் ஒன்று, குழல் விளக்கு ஐந்து, சாவி மூன்று செட் என்று. இருவரும் அதில் கையெழுத்துப் போடுங்கள்.

அட்வான்ஸ் எவ்வளவு வாங்கலாம்?

சென்னையில் ஒரு காலத்தில் பத்து மாத வாடகை என்பது எழுதாத சட்டமாக இருந்தது. 2017 சட்டத்தின்படி, இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் ஒழிய, மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. "வேறு மாதிரி ஒப்புக்கொண்டால்" என்ற அந்த வாசல் வழியாகத்தான் இன்றும் ஐந்து, ஆறு, பத்து என்று வாங்குகிறார்கள். நான் மூன்றோடு நிறுத்திக்கொண்டேன். குறைவாகக் கேட்டால் நல்ல குடும்பங்கள் நிறைய பேர் வீட்டைப் பார்க்க வருவார்கள், நமக்குத் தேர்ந்தெடுக்க வசதி.

அட்வான்ஸைப் பற்றி நான் கற்றது வேறொன்று. முதல் குடித்தனக்காரர் கொடுத்த பணத்தை என் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்குப் போட்டுவிட்டேன். அடுத்தவர் வரும்போது அவர் தரும் அட்வான்ஸை வாங்கி இவருக்குக் கொடுத்துவிடலாம் என்ற நினைப்பு. எல்லா வீட்டுக்காரர்களுக்கும் இருக்கிற நினைப்புதான். ஆனால் அவருக்குத் திடீரென்று கோயம்புத்தூருக்கு மாற்றல், அடுத்த ஆள் வர இரண்டு மாதம் ஆயிற்று. அந்த இரண்டு மாதமும் அவருக்குப் பதில் சொல்ல முடியாமல் தவித்தேன். அவர் பணம், அவர் புது வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்க வைத்திருந்த பணம். வீட்டை ஒப்படைத்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பிடித்தம் போக, திருப்பித் தர வேண்டும் என்று இப்போதைய சட்டம் சொல்கிறது. இப்போது அட்வான்ஸ் வந்த அன்றே தனியாக வங்கியில் வைப்புத்தொகையாகப் போட்டுவிடுகிறேன். வட்டி எனக்கு, அசல் அவருக்கு.

வாடகைக்குப் பதிலாக லீஸுக்கு விடலாமா?

இங்கே லீஸ் என்றால் மொத்தமாக ஐந்து லட்சமோ பத்து லட்சமோ வாங்கிக்கொண்டு, மாத வாடகை இல்லாமல் இரண்டு மூன்று வருடம் குடியிருக்க விடுவது. ஊர்ப்பக்கம் போக்கியம், ஒத்தி என்பார்கள். மொத்தப் பணம் கையில் வருவதால் ஆசையாக இருக்கும். முதன்முறை விடுபவருக்கு நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். அது வருமானம் இல்லை, கடன். தவணை முடியும் நாளில் பத்து லட்சம் உங்களிடம் இருக்க வேண்டும், இல்லையென்றால் அவர் காலி செய்ய மாட்டார், செய்யவும் தேவையில்லை. அப்படியும் விடுவதானால் முறைப்படி பதிவு செய்யுங்கள். பணத்தை வங்கி வழியாக மட்டும் வாங்குங்கள். இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டப்படி கூடாது, வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரும்.

கரண்ட் பில், தண்ணீர் எப்படிப் பிரிப்பது?

வீட்டுக்குத் தனி மின் இணைப்பு இருந்தால் பேச்சே இல்லை, ரீடிங் எடுத்த தொகையை அவரே கட்டிவிடுவார். ஆனாலும் இணைப்பு உங்கள் பெயரில் இருக்கிறது என்பதை மறக்காதீர்கள். அவர் பாக்கி வைத்தால் நோட்டீஸ் உங்களுக்கு. குறுஞ்செய்தி உங்கள் செல்போனுக்கும் வருகிற மாதிரி வைத்துக்கொண்டு, கட்டியாயிற்றா என்று இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஒரே இணைப்பில் சப்-மீட்டர் போட்டுப் பிரிப்பதில்தான் மனக்கசப்பு. யூனிட்டுக்கு எட்டு ரூபாய், பத்து ரூபாய் என்று ஒரு விலையைச் சொல்லி வாங்கும் வழக்கம் பரவலாக இருக்கிறது. வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் அரசு இலவசமாகத் தருகிறது. 500 யூனிட்டைத் தாண்டினால் கணக்கிடும் விகிதமே மாறிவிடுகிறது. இரண்டு குடும்பம் ஒரே மீட்டரில் ஓடினால் சீக்கிரம் மேல் படிக்குப் போய்விடும். அந்தச் சுமை முழுவதையும் குடித்தனக்காரர் தலையில் கட்டுவது நியாயமில்லை. கொஞ்சம் செலவானாலும் தனி இணைப்பு வாங்கிவிடுங்கள். முடியாவிட்டால் பில் தொகையை யூனிட் விகிதத்தில் பிரித்து, பில்லை அவருக்குக் காட்டுங்கள். பில்லைக் காட்டாமல் தொகையை மட்டும் சொல்கிற வீட்டுக்காரரை யாரும் நம்புவதில்லை.

தண்ணீர்தான் சென்னையில் உண்மையான கேள்வி. வீடு பார்க்க வருபவர் ஹாலைப் பார்ப்பதற்கு முன்பே குழாயைத் திறந்து பார்ப்பார். போர் தண்ணீர் உப்பாக இருந்தால், இரும்புச் சத்தால் வாளி பழுப்பேறினால், சொல்லிவிடுங்கள். எப்படியும் மறுநாள் தெரியப் போகிறது. 2019 கோடையில் ஏரிகள் வறண்டபோது எங்கள் தெருவில் எல்லா வீடும் லாரித் தண்ணீரில்தான் ஓடியது. லாரிக்கான பணத்தை யார் கொடுப்பது என்று எங்கள் ஒப்பந்தத்தில் இல்லை. ஆளுக்குப் பாதி என்று பேசி முடித்தோம், இப்போது அதை எழுதியே வைக்கிறேன். அதேபோல் மோட்டார் போடுவது யார், எத்தனை மணிக்கு என்பதும். தொட்டி நிரம்பி வழிந்து கீழ்வீட்டுத் துணியெல்லாம் நனைந்த பிறகு பேசுவதை விட முன்பே பேசுவது நல்லது.

தரைத் தளமாக இருந்து 2015 டிசம்பரிலோ 2023 டிசம்பரிலோ வெள்ளம் உள்ளே வந்திருந்தால் அதையும் மறைக்காதீர்கள். எவ்வளவு உயரம் வந்தது என்று சொல்லிவிட்டால் அவர் பிரிட்ஜை மேடை போட்டு வைத்துக்கொள்வார்.

ரிப்பேர் செலவு யாருடையது?

சட்டத்தின் அட்டவணையிலேயே பிரித்திருக்கிறார்கள். கட்டட அமைப்பு சார்ந்த பழுது, சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்கு வண்ணம் பூசுவது, குழாய் வரிகளை மாற்றுவது, வயரிங், இவை வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், பிளக், கீசர் பழுது, வாஷ்பேசின், கழிப்பறைத் தொட்டி, சமையலறைப் பொருத்துகள், தாழ்ப்பாள், பூட்டு, ஜன்னல் கண்ணாடி, சாக்கடை அடைப்பு, தோட்டப் பராமரிப்பு ஆகியவை குடியிருப்பவர் பொறுப்பு. வேறு மாதிரிப் பிரித்துக்கொள்வதானால் ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

நடைமுறையில் நான் செய்வது: சுவருக்குள்ளும் தரைக்கடியிலும் இருப்பதெல்லாம் என் செலவு. கைக்கு எட்டுவது அவர் செலவு. மோட்டார் ரிப்பேர் எப்போதும் என்னுடையது, ஏனென்றால் அது நின்றால் என் வீட்டிலும் தண்ணீர் வராது.

காலி செய்யும்போது பெயிண்டுக்கு ஒரு மாத வாடகை பிடிக்கலாமா?

எல்லாரும் பிடிக்கிறார்கள் என்பது உண்மை. வெள்ளையடிப்பது வீட்டுக்காரர் பொறுப்பு என்று மேலே படித்தீர்கள். ஒப்பந்தத்தில் எழுதி அவர் கையெழுத்துப் போட்டிருந்தால் பிடியுங்கள், எழுதாமல் கடைசி நாளில் சொல்லாதீர்கள். ஐந்து வருடம் குடியிருந்தவர் வீட்டில் சுவர் மங்கத்தான் செய்யும். அந்த ஐந்து வருட வாடகை அதற்கும் சேர்த்துத்தான். குழந்தை கிறுக்கியது, ஏ.சி. துளை, உடைந்த டைல்ஸ் போன்றவற்றை ஆன செலவைக் காட்டிப் பிடிப்பது வேறு விஷயம்.

என் வீடுதானே, எப்போது வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாமா?

கூடாது. முதன்முறை விடுபவர்களுக்கு ஜீரணிக்கக் கஷ்டமான விஷயம் இது, அதிலும் நாமே நின்று செங்கல் செங்கலாகக் கட்டிய வீடு என்றால். சாவியைக் கொடுத்த பிறகு அது அவர் வீடு. பழுதுபார்க்கவோ, பார்வையிடவோ போவதானால் 24 மணி நேரம் முன்னதாகத் தகவல் தர வேண்டும் என்கிறது சட்டம். மாற்றுச் சாவி இருக்கிறது என்று அவர் இல்லாதபோது திறப்பது பெரிய தப்பு. என் மனைவி ஒருமுறை மாடியில் செடிக்குத் தண்ணீர் விடப் போய், அப்படியே பால்கனி வழியாக எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். அந்த அம்மா எதுவும் சொல்லவில்லை. மறுநாள் பால்கனிக்குத் திரை போட்டுவிட்டார். அதற்கு மேல் என்ன சொல்ல வேண்டும்?

வாடகை வராவிட்டால்? காலி செய்ய மறுத்தால்?

முதல் மாதம் தாமதமானால் நேரில் பேசுங்கள். வேலை போயிருக்கலாம், மருத்துவச் செலவாக இருக்கலாம். இரண்டாவது மாதமும் வரவில்லை என்றால் எழுத்தில் கேளுங்கள். இரண்டு மாத வாடகை பாக்கி இருந்து, நோட்டீஸ் கொடுத்து ஒரு மாதம் ஆகியும் கட்டவில்லை என்றால் வாடகை நீதிமன்றத்தில் காலி செய்யக் கோரலாம். உங்கள் சம்மதம் இல்லாமல் உள்வாடகைக்கு விட்டாலும், வீட்டைத் தவறான காரியத்துக்குப் பயன்படுத்தினாலும், உங்கள் சொந்தத் தேவைக்கு வீடு வேண்டுமென்றாலும் கேட்கலாம். எழுத்தில் ஒப்பந்தம் போட மறுப்பதே ஒரு காரணம்தான்.

செய்யவே கூடாதது: கரண்டை நிறுத்துவது, மோட்டாரை அணைப்பது, பூட்டை மாற்றுவது. இதற்குச் சட்டத்தில் தனிப் பிரிவே இருக்கிறது. நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் அன்றோடு அது அவர் பக்கம் போய்விடும்.

12 வருடம் குடியிருந்தால் வீடு அவருக்கே சொந்தமாகிவிடுமாமே?

ஆகாது. அனுமதியில்லாமல், உரிமையாளரை எதிர்த்து, வெளிப்படையாக 12 வருடம் அனுபவித்தவர்கள் கேட்கிற உரிமை அது. வாடகைக்கு இருப்பவர் உங்கள் அனுமதியில்தான் இருக்கிறார். வாடகை வங்கி வழியாக வருவதும், ஒப்பந்தம் அவ்வப்போது புதுப்பிக்கப்படுவதும் அதற்குச் சாட்சி. பல வருடம் வாடகையும் வாங்காமல், காகிதமும் இல்லாமல் சொந்தக்காரரைக் குடிவைத்திருக்கிறீர்களே, அதைப் பற்றித்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

வாடகைக்கு வருமான வரி உண்டா?

உண்டு, ஆனால் பயப்படுகிற அளவுக்கு இல்லை. மாதம் 20,000 என்றால் வருடத்துக்கு 2,40,000. அந்த ஆண்டில் நீங்கள் கட்டிய சொத்து வரி 6,000 என்று வைத்துக்கொள்வோம். அதைக் கழித்தால் 2,34,000. அதில் 30 சதவீதம், அதாவது 70,200, எந்த ரசீதும் கேட்காமல் கழிவாகத் தருவார்கள். மிச்சம் 1,63,800 தான் உங்கள் வருமானத்தில் சேரும். வீட்டுக் கடன் இருந்தால் அதன் வட்டியையும் கழிக்கலாம். பெயிண்ட், மோட்டார் செலவு என்று தனியாகக் கழிக்க முடியாது, அந்த 30 சதவீதத்திலேயே அடக்கம்.

"கணக்கில் காட்டாமல் ரொக்கமாக வாங்கினால்?" என்று கேட்பவர்களுக்கு: வருடத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல் வாடகை கொடுப்பவர், சம்பளத்தில் வீட்டு வாடகைப் படிக்கு வரிச்சலுகை கேட்க உங்கள் பான் எண்ணைத் தன் அலுவலகத்தில் கொடுத்தாக வேண்டும். வாடகை மாதம் 50,000-ஐத் தாண்டினால் அவர் வாடகையில் 2 சதவீதத்தை டி.டி.எஸ். என்ற முன்கூட்டிய வரியாகப் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். மறைக்க நினைப்பது வீண் வேலை. சொத்து வரியை அரையாண்டு தொடங்கிய 30 நாளுக்குள் கட்டினால் சென்னை மாநகராட்சியில் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை ஊக்கத்தொகை உண்டு, அதை விடாதீர்கள்.

நான் வெளிநாட்டில் இருக்கிறேன். என்ன வித்தியாசம்?

வரி விஷயத்தில் பெரிய வித்தியாசம். வீட்டுக்காரர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால், வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் குடியிருப்பவர் 30 சதவீத வரியும் அதன் மேல் செஸ் என்னும் கூடுதல் வரியும் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு இது தெரியாது, பிறகு நோட்டீஸ் வரும்போது இருவரும் முழிப்பார்கள். முன்பே சொல்லிவிடுங்கள். கணக்குத் தாக்கல் செய்து அதிகமாகப் பிடித்ததைத் திரும்பப் பெறலாம். இங்கே நம்பகமான ஒருவருக்கு வாடகைக்கு விடவும் வசூலிக்கவும் மட்டும் அதிகாரம் தரும் பத்திரம் எழுதிக் கொடுங்கள். விற்கும் அதிகாரத்தை அதில் சேர்க்காதீர்கள்.

அபார்ட்மென்ட் என்றால்?

மாதப் பராமரிப்பு யார் கட்டுவது என்று முடிவு செய்யுங்கள், பெரும்பாலும் குடியிருப்பவர். கட்டடத்துக்கு வெளிப்பூச்சு, லிப்ட் மாற்றுவது போன்ற பெரிய வசூல் உங்களுடையது. சங்கத்தின் விதிகளை ஒரு நகல் எடுத்து ஒப்பந்தத்தோடு கொடுத்துவிடுங்கள். வீட்டுக் கடன் பாக்கி இருந்தால் வங்கியின் நிபந்தனைகளையும் ஒருமுறை படித்துப் பாருங்கள்.

காலி செய்யும் நாளில் என்ன செய்வது?

சாமான் ஏற்றும் வண்டி வருவதற்கு முந்தின நாளே ஒருமுறை சேர்ந்து வீட்டைச் சுற்றிப் பாருங்கள். வண்டி நிற்கும்போது பார்த்தால் அவருக்கு அவசரம், உங்களுக்குக் கோபம். பழைய வீடியோவைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். அன்றைய மீட்டர் ரீடிங்கைப் படம் எடுத்து, கடைசி பில்லிலிருந்து அன்று வரை ஓடிய யூனிட்டைக் கணக்கிடுங்கள். பிடித்தங்களை ஒரு தாளில் வரிசையாக எழுதி, மிச்சத்தை அவர் கண் முன்னாலேயே வங்கியில் அனுப்பிவிட்டு, சாவிகளை எண்ணி வாங்கி, "பெற்றுக்கொண்டேன்" என்று இருவரும் எழுதிக் கையெழுத்திடுங்கள். கூரியர், வங்கிக் கடிதம் ஏதாவது இந்த முகவரிக்கு வந்தால் அனுப்ப அவருடைய புது முகவரியையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். என் முதல் குடித்தனக்காரருக்கு வந்த எல்.ஐ.சி. கடிதம் ஒன்று இன்னும் என் மேசை இழுப்பறையில்தான் கிடக்கிறது.